வீட்டு இரும்புக்கு சிந்தடிக் எனாமல்: எங்கே அடிக்கலாம், எங்கே வேண்டாம்

கிரில், கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று எந்த இரும்புக்கு பெயிண்ட் கேட்டாலும் ஹார்டுவேர் கடையில் எடுத்து வைப்பது சிந்தடிக் எனாமல் டப்பாவைத்தான். நம் ஊரில் ஆயில் பெயிண்ட் என்று எல்லோரும் சொல்வதும் இதையே. எங்கள் வீடு திருவொற்றியூரில், கடல் காற்று நேரே வந்து கேட்டில் மோதுகிற தெருவில் இருக்கிறது. சின்ன வேலைக்குப் பெயிண்டர் யாரும் வருவதில்லை என்பதால் நானே அடிக்கத் தொடங்கி, இப்போது வீட்டு இரும்பு வேலை முழுக்க என் பொறுப்பு. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே இருக்கிற இரும்புக்கு, இந்த விலையில், சாதாரண மனிதன் ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அடிக்கக்கூடியதில் இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து கிடையாது. வீட்டுக்குள் இருக்கிற கதவு, ஜன்னலுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். சுவருக்கு வேண்டவே வேண்டாம். இரவு தூங்குகிற அறையில், அதுவும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில், கட்டாயம் வேண்டாம்.

ஏசியன் பெயிண்ட்ஸின் ஆப்கோலைட், பெர்ஜரின் லக்சால், நெரோலாக், டூலக்ஸ் என்று கடையில் நாலைந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். எது நல்லது என்று ஒரு கூட்டமே சண்டை போடும். நான் பார்த்த வரை, பெரிய கம்பெனிகளின் நடுத்தர ரகத்தையும் அதற்கு மேற்பட்டதையும் எடுத்துக்கொண்டால், எந்தப் பெயர் என்பதைவிடக் கீழே என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் பெயிண்ட் எத்தனை வருடம் நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. அதனால் இந்த விமர்சனம் ஒரு டப்பாவின் பெயருக்கானது இல்லை, அந்த வகைக்கே ஆனது.

இந்த பெயிண்ட் எப்படிக் காய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சுவருக்கு அடிக்கிற எமல்ஷனில் தண்ணீர் ஆவியாகிப் போனால் வேலை ஏறக்குறைய முடிந்தது. எனாமல் அப்படி இல்லை. முதலில் உள்ளே இருக்கிற டர்பன்டைன் ஆவியாகிறது. அப்புறம் மிஞ்சுகிற ஆல்கைடு பிசின், எண்ணெயிலிருந்து செய்தது என்பதால், காற்றிலிருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அந்த இறுக்கத்தை வேகப்படுத்தத்தான் கோபால்ட் மாதிரி உலோக உப்புகளைக் கம்பெனியில் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அந்தக் காலத்துப் பெயிண்டர்கள் ஆளிவிதை எண்ணெயில் கலவையைக் குழைத்து அடித்தபோது நடந்ததும் இதேதான், இன்னும் மெதுவாக. ஆக்சிஜன் மேலே இருந்துதான் உள்ளே போக முடியும். கெட்டியாக அப்பினால் மேல்பக்கம் தோல் கட்டிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும். சில மணி நேரத்தில் மேல்தோல் சுருங்கிச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். வழிந்து நின்ற சொட்டை ஒரு வாரம் கழித்து நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இன்னும் பிசுபிசுவென்று இருப்பதும் இதனால்தான். ஆகவே மெல்லிசாக இரண்டு கோட்டிங். ஒரே கோட்டிங்கில் மூடிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கிற இடைவெளியை அப்படியே மதியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நான் ராத்திரி முழுக்க விட்டு மறுநாள்தான் அடுத்த கோட்டிங் போடுவேன்.

அடுத்தது கீழ்வேலை. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் சொல்வதில்லை, பெயிண்டரும் அவசரத்தில் தாண்டிப் போய்விடுவார்.

கடலோர ஊர்க்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது தேய்ப்பது இல்லை, கழுவுவது. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் கொப்புளம் கொப்புளமாகத் துரு வெடித்து வரும். நல்ல தண்ணீரில், அதாவது போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரிலேயே, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவிட்டு, அப்புறம்தான் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு 80 நம்பர் உப்புத்தாள், அதற்கு மேல் 120. பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருக்கிற இடத்தை முழுக்கச் சுரண்டத் தேவையில்லை, பளபளப்பு போகிற அளவுக்கு 180-இல் தேய்த்தால் போதும். பளபளப்பு மேல் புது பெயிண்ட் பிடிக்காது. கடைசியில் டர்பன்டைன் தொட்ட பனியன் வேஸ்ட்டால் ஒரு துடைப்பு. கையில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்குகூடப் பெயிண்டை உரிக்கும்.

தேய்த்த இரும்பை அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமரால் மூடிவிட வேண்டும். எங்கள் பக்கம் காலையில் தேய்த்து வெள்ளையாக மின்னுகிற கம்பி மறுநாள் காலையில் லேசாகச் சிவந்திருக்கும். பிரைமர் அடித்ததோடு நிறுத்தி, தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற பழக்கமும் கூடாது. ரெட் ஆக்சைடு தனியாக மழையைத் தாங்காது. மேலே எனாமல் ஏறினால்தான் இரண்டும் சேர்ந்து காப்பாற்றும். புதிதாகச் செய்து வருகிற கேட்டில் இன்னொரு விஷயம் உண்டு. பட்டறைகளில் பெரும்பாலும் வெல்டிங் முடிந்த கையோடு தண்ணீர் போல் கலக்கிய ரெட் ஆக்சைடை ஒரு இழுப்பு இழுத்து அனுப்பிவிடுவார்கள். அதன் அடியில் வெல்டிங் பொரி, இரும்பு உருட்டும்போது வந்த நீலக் கறுப்புச் செதில் எல்லாம் அப்படியே இருக்கும். அது ஒரு நாள் செதிலோடு சேர்ந்து உதிரும். வெல்டிங் இடங்களை மட்டுமாவது தேய்த்து, திரும்ப பிரைமர் அடியுங்கள். கூர்மையான ஓரங்களில் பெயிண்ட் நிற்காமல் பின்வாங்கி மெல்லிசாகிவிடும் என்பதால், ஓரங்களுக்கும் வெல்டிங் மூட்டுகளுக்கும் கேட்டின் அடிப்பக்கத்துக்கும் ஒரு அங்குல பிரஷ்ஷால் முதலில் ஒரு கோடு இழுத்துவிட்டு, அப்புறம் முழுக்க அடிப்பது நல்லது. துரு எப்போதும் அந்த இடங்களில்தான் ஆரம்பிக்கும்.

இதிலே ஒரு பெரிய ஓட்டை ஜி.ஐ. பைப். துத்தநாகம் பூசிய பைப்பில் கிரில்லும் கேட்டும் செய்வது இப்போது அதிகமாகிவிட்டது. அதன் மேல் சிந்தடிக் எனாமலை நேரடியாக அடித்தால் ஆரம்பத்தில் அழகாக இருக்கும், கொஞ்ச காலம் போனதும் பட்டை பட்டையாக உரிந்து வரும். பெயிண்டில் இருக்கிற எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கிவிடுகிறது, பிடிமானம் போய்விடுகிறது. ஜி.ஐ.க்கு என்றே எட்ச் பிரைமர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ரெட் ஆக்சைடே போதும் என்றால் வேறு கடைக்குப் போங்கள். புது சிமெண்ட் பூச்சின் மேல் எனாமல் அடிக்கக்கூடாது என்பதற்கும் இதே மாதிரிக் காரணம்தான். சிமெண்டின் காரம் எண்ணெயைத் தின்றுவிடும். முன்பு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சமையலறை என்று எல்லா இடத்திலும் அரைச்சுவர் உயரத்துக்கு ஆயில் பெயிண்ட் அடிப்பார்கள், கழுவ வசதி என்று. சுவரில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் அது வெளியேற வழியில்லாமல் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வந்து, உரிந்து தொங்குகிற சுவர்களை எல்லோருமே பார்த்திருப்போம்.

தின்னர் விஷயம். எனாமலில் கலக்க வேண்டியது மினரல் டர்பன்டைன். கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் சில சமயம் என்.சி. தின்னரைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அது மரச்சாமானுக்கு அடிக்கிற லாக்கர் பூச்சுக்கும் டூக்கோ என்கிற ஸ்ப்ரே பெயிண்டுக்கும் உரிய நைட்ரோசெல்லுலோஸ் தின்னர். எனாமலில் கலந்தால் கீழே இருக்கிற பழைய கோட்டிங்கைக் கிளப்பிச் சுருட்டிவிடும். மண்ணெண்ணெய் கலந்தாலும் அடிக்க வழுக்கிக்கொண்டு போகும் என்று சிலர் சொல்வது உண்மைதான், ஆனால் காய நாளாகும், பளபளப்பும் செத்துவிடும். டப்பாவில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். நன்றாகக் கலக்கிய பிறகு, அடியில் படிந்த நிறம் குச்சியில் ஒட்டாத வரை கலக்கிய பிறகுதான், டர்பன்டைன் தேவையா என்றே முடிவு செய்ய வேண்டும்.

நேரமும் காலமும் பார்த்து அடியுங்கள். சென்னையில் எனக்குப் பிடித்தது ஜனவரி முதல் மார்ச் வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்பின் மேல் ஈரம் போகவே போகாது. சித்திரை வெயிலில் கேட்டைத் தொட முடியாது. சூடான இரும்பில் பெயிண்ட் பட்டதும் இழுபட்டு பிரஷ் கோடு அப்படியே நிற்கும். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். சாயங்காலம் அடித்தால் ராத்திரிப் பனி அரைகுறையாகக் காய்ந்த பெயிண்டில் இறங்கி, மறுநாள் பார்த்தால் மங்கலாக, பால் படர்ந்த மாதிரி இருக்கும். அந்தப் பளபளப்பு திரும்பாது, இன்னொரு கோட்டிங்தான் வழி.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உட் பிரைமர், பட்டி, தேய்ப்பு, எனாமல் என்று வரிசை எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மறப்பது கதவின் அடி விளிம்பை. பாத்ரூம் கதவு அடியிலிருந்து உப்பி ஊறுவது அந்தப் பெயிண்ட் படாத விளிம்பு தண்ணீரைக் குடிப்பதால்தான். கதவைக் கழற்றி அடிக்கும்போது அதையும் அடித்துவிடுங்கள். ஜன்னல் கதவுகளை அடித்த அன்று ராத்திரி மூடிவிட்டால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வரும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்கும் முழுக்க இறுகிவிட்டது என்பதற்கும் நடுவில் ஒரு வாரமாவது இருக்கிறது.

வெள்ளை எனாமல் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆல்கைடு பெயிண்டின் வெள்ளை மஞ்சளாகும், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதன் சுபாவம். வெயிலில்தான் மஞ்சளாகும் என்று நினைப்போம், உண்மையில் நேர்மாறு. வெளிச்சம் படாத இடத்தில்தான் சீக்கிரம் மஞ்சளாகும். அலமாரியின் உள்பக்கம், படம் மாட்டியிருந்த இடம், கதவின் பின்புறம் எல்லாம் முதலில் பழுக்கும். சுவருக்குப் புதிதாக எமல்ஷன் அடித்து ஜன்னலை மூடி வைத்தால், அதிலிருந்து வருகிற அம்மோனியாவும் பக்கத்தில் இருக்கிற வெள்ளை எனாமலை மஞ்சளாக்கும். வீட்டுக்குள் வெள்ளைதான் வேண்டும் என்றால் வாட்டர் பேஸ்டு எனாமலுக்குப் போய்விடுங்கள். அது மஞ்சளாகாது, வாடை ரொம்பக் குறைவு, பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் ஆயில் எனாமல் பிரஷ் கோடு தெரியாமல் தானாகப் பரவிச் சமமாகிற அந்த வழுவழுப்பு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வாடை. இது வெறும் மூக்குப் பிரச்சினை கிடையாது. டர்பன்டைன் ஆவி தலைவலி, கிறுகிறுப்பு, கண் எரிச்சல் கொடுக்கும். கொரோனாவுக்குப் போட்ட துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் ஆவியைத் தடுக்காது, கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் தடுக்கும். அறைக்குள் அடித்தால் ஜன்னல்களைத் திறந்து, அன்று ராத்திரி வேறு இடத்தில் படுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா இருப்பவர்களும் பக்கத்தில் வரவே வேண்டாம். அந்த ஆவி தீப்பற்றும் என்பதால் கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது.

துடைத்த துணியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய் சேர்ந்த பெயிண்ட் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது என்று மேலே சொன்னேன், அந்த வினையில் சூடும் உண்டாகிறது, அதுதான் இங்கே ஆபத்து. துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் குவித்துப் போட்டால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக்கு இது ரொம்ப அதிகம், எனாமலுக்கும் உண்டு. துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போடுங்கள். வீடு புதுப்பிக்கிற நேரத்தில் பேப்பர், அட்டைப்பெட்டி எல்லாம் கிடக்கிற அறையில் இந்தத் துணி மூட்டையைப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

பழைய வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்று 2016-இல் விதி வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமலில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். தாத்தா காலத்து ஜன்னல் கம்பியில் நாலைந்து அடுக்கு பெயிண்ட் இருக்கிறது என்றால், அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து வீடு முழுக்கத் தூசி பறக்கவிடாதீர்கள், புளோ லாம்ப் தீயால் சுட்டு உரிக்கவும் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஈரமாகத் தேய்த்து, கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தவழுகிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அந்தப் பாதிப்பைச் சரிசெய்ய மருந்து கிடையாது. வாங்கும்போதும் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இல்லை என்கிற வரி டப்பாவில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், பெயர் தெரியாத மலிவு டப்பாவில் ரொம்பக் கவனமாகப் பாருங்கள்.

நிறத்தில் இந்தப் பொருளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஸ்மோக் கிரே, கோல்டன் பிரவுன், பிரோசா, பி.ஓ. ரெட், பஸ் கிரீன், ஆக்ஸ்போர்ட் புளூ என்று தயார் நிறங்கள் காலம் காலமாக அதே பெயரில் வருகின்றன. நாலு வருடம் கழித்துத் திரும்ப வாங்கினாலும் ஏறக்குறைய அதே நிறம் கிடைக்கும். வெயில் முழுக்க விழுகிற கேட்டுக்குச் சிவப்பைவிட ஸ்மோக் கிரேயும் பிரவுனும் நல்லது, மங்கினாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பளபளப்பு வெயிலில் சில வருடத்தில் குறைந்து, கையில் மாவு மாதிரி ஒட்டத்தான் செய்யும், அது இந்த வகையின் எல்லை. அதைத் தாங்க பி.யு. எனாமல், அதாவது பாலியூரித்தேன் எனாமல், இருக்கிறது, விலை கூட.

அளவு: ஒரு லிட்டர் ஒரு கோட்டிங்கில் சமதளத்தில் 100 சதுர அடிக்கு மேல் வரும். கிரில்லுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, பிரஷ்ஷில் சொட்டிப் போவதே நிறைய. மிச்சம் இருந்தால் மூடியை இறுக அடைத்து, டப்பாவைத் தலைகீழாக வையுங்கள். ஆடை கட்டியிருந்தால் அதைக் கலக்கிவிடாமல் ஓரத்தில் கத்தியால் அறுத்து முழுசாக எடுத்துவிட்டு, மீதியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். இரண்டு கோட்டிங்குக்கு இடையில் பிரஷ்ஷை முடி மூழ்குகிற அளவு தண்ணீரில் தொங்கவிட்டால் காயாது, மறுநாள் உதறித் துடைத்துவிட்டு அடிக்கலாம். வேலை முடிந்ததும் பிரஷ் கழுவிய டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் மூடி வைத்தால் சில நாளில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளியும், தெளிவை அடுத்த தடவை கழுவப் பயன்படுத்தலாம். கையில் ஒட்டியதற்கு டர்பன்டைன் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து சோப்பு போட்டால் போய்விடும்.

நான் இன்னும் இதை விடாமல் வாங்குவதற்கு முக்கியக் காரணம், இதைத் துண்டு துண்டாகப் பழுது பார்க்க முடிகிறது என்பதுதான். பவுடர் கோட்டிங் செய்த கிரில்லில் ஒரு இடத்தில் துரு வந்தால் வீட்டில் அதே பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. எனாமலில் அந்த நாலு அங்குலத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் தொட்டு, மிச்சம் வைத்த டப்பாவிலிருந்து இரண்டு மெல்லிய கோட்டிங் கொடுத்தால் சரியாகிவிடும். மழைக்காலம் முடிந்ததும் கேட்டையும் கிரில்லையும் ஒரு சுற்றுப் பார்த்து அந்த இடங்களைக் கவனித்துவிட்டால், முழுசாக அடிக்க வேண்டிய வேலையை வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். அதற்கு 200 மி.லி. டப்பாவே போதும், ஒரு லிட்டர் வாங்க வேண்டாம்.